கங்கு மனிதனின் நிலை

பிப்ரவரி 9, ஞாயிறு

மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. பால் கணக்கு எழுத எடுத்து வைத்திருந்தது. இப்போது கணக்கு எழுதும் அளவுக்குப் பால் வாங்குவதில்லை. கால் லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். இட்லிக்குச் சட்னி கேட்டார். நான் கிண்ணத்தோடு வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமையோடு பதினாறும் முடிந்தது. வந்த சனம் எல்லாம் போய்விட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் தங்கை கோமு அடுத்த தெருவில் இருக்கிறாள். காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

நான் ஏழாவது வரை படித்தவள். எழுத நேரமாகும், ஆனால் எழுதுவேன்.

இன்று வீடு கழுவிவிட்டேன். அவர் சட்டை இரண்டைத் துவைத்துப் போட்டேன். அழுக்கு ஒன்றும் இல்லைதான்.

பிப்ரவரி 12, புதன்

அவர் போன் அடுப்படி ஜன்னலில் கிடக்கிறது. தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். போட்டு வைப்பதில் ஒன்றுமில்லை, ஒயர் அங்கேயே இருக்கிறது.

இன்று அது டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் ‘மில்சங்கு, உங்களுக்கு ஒரு செய்தி’ என்று இருந்தது.

மில்சங்கு என்பது அவர்தான். மில்லில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தார். மில்லை மூடின பிறகு வீட்டில் உட்கார்ந்து போனில் களஞ்சியம் எழுதினார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அதில் இருக்குமாம். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். அங்கே அவரவர் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் சண்டை மட்டும் பங்காளிகள் மாதிரி.

இவர் எழுதியது கங்கு மனிதனைப் பற்றி. சின்ன வயதில் படித்த பொம்மை போட்ட கதைப் புத்தகம். கையில் கங்கு எரிகிற ஒரு வீரன். முகமூடி போட்டிருப்பான். இரும்பை உருக்குவான், திருடனைப் பிடிப்பான். தண்ணீர் மட்டும் அவனுக்கு ஆகாது. இதற்குப் போய் ஐம்பத்தெட்டு வயது ஆள் சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்து எழுதுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். ‘சோறு ஆறுது, உங்க கங்கு மனுசன வந்து சூடு பண்ணித் தரச் சொல்லுங்க’ என்பேன்.

செய்தியை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

நாஞ்சில் நண்டு என்று ஒரு ஆள். நாகர்கோவில் பக்கம். இவருக்கு அவரோடுதான் பொழுதெல்லாம் வழக்கு. ‘இந்த நண்டு விடமாட்டேங்குதே கனி’ என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நண்டு எழுதியிருந்தது: “சங்கு அண்ணாச்சி, ஒரு மாதமாக ஊதுகிற சத்தமே இல்லையே. தோற்றுவிடுவோம் என்று பதுங்கிவிட்டீர்களா?”

இந்த வீட்டு வாசலில் சங்கு ஊதியது அந்த ஆளுக்குத் தெரியாது. பாவம்.

அதன் கீழே இன்னொன்று இருந்தது. கங்கு மனிதன் பக்கத்தில் வலப்புறம் ஒரு கட்டம் உண்டு. உண்மைப் பெயர்: தெரியவில்லை. பலம்: நெருப்பு. பலவீனம்: நீர். கடைசியில், நிலை. அந்த இடத்தில் இவர் ‘உயிருடன்’ என்று போட்டிருக்கிறார். நண்டு அதை மாற்ற வேண்டும் என்கிறது. கடைசிப் புத்தகத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றக் கங்கு மனிதன் கடலில் குதித்துவிட்டானாம். தண்ணீரில் விழுந்தவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்கிறது.

“அடுத்த வெள்ளிக்குள் மறுமொழி இல்லையென்றால் ‘இறந்தவர்’ என்று மாற்றிவிடுவேன். இது நம் களஞ்சிய வழக்கம்தான், அண்ணாச்சி கோபிக்க வேண்டாம்.”

பிப்ரவரி 16, ஞாயிறு

கோமு கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். அலமாரியில் உள்ள புத்தகக் கட்டைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு மதினி, பழைய பேப்பர் கடையில போட்டா இடமாவது மிஞ்சும்” என்றாள்.

“கிடக்கட்டும்.”

“கரையான் வருது.”

“வந்தா வரட்டும்.”

வெளியே ஒரே காந்தல். மாசியிலேயே இப்படி.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேலை ஒன்றும் ஓடவில்லை. உளுந்து ஊறப் போட்டுவிட்டு அரிசி போட மறந்துவிட்டேன்.

பத்திரம், வங்கி, ரேஷன் எல்லாவற்றிலும் அந்த வார்த்தையைத்தான் எழுதச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போன இடமெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டத்திலும் எழுதித்தான் ஆக வேண்டுமா என்ன.

பிப்ரவரி 19, புதன்

‘போடாதீங்க’ என்று எழுதி அமுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நண்டு ஒரே குதி.

“அண்ணாச்சிக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் மூன்று பக்கத்துக்கு வாதாடுகிற மனிதர் ஒரே வார்த்தையோடு நிறுத்திவிட்டாரே. உடம்புக்கு முடியவில்லையா?”

கீழே ரஹ்மத் நிஷா என்ற பெண் எழுதியிருந்தது. அந்தக் களஞ்சியத்தில் அதுதான் நாட்டாண்மை. இவர் அதற்கு மட்டும் பயப்படுவார். “மில்சங்கு ஐயா, ‘போடாதீங்க’ என்பது காரணம் ஆகாது. ஏன் போடக்கூடாது என்று சொல்லுங்கள். அச்சில் உள்ள சான்றைக் காட்டுங்கள். நம் விருப்பத்தை இங்கே எழுத முடியாது, உங்களுக்குத் தெரியாததா?”

சரியாகத்தான் கேட்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

கட்டை அவிழ்த்தேன். கடைசிப் புத்தகம் அடியில் இருந்தது. முதல் தடவையாக உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்ததில் காலை போய்விட்டது.

மோசமில்லை. மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்கிறது. ஒரு பிள்ளை தண்ணீரில் தத்தளிக்கிறது. எல்லோரும் கரையில் நின்று கத்துகிறார்கள். கங்கு மனிதன் ஒரு நொடி தன் கையைப் பார்த்துக்கொள்கிறான், குதித்துவிடுகிறான். பிள்ளை கரை சேர்கிறது. கடைசிப் படத்தில் வெறும் கடல். ஒரு கையுறை மிதக்கிறது. தண்ணீரிலிருந்து ஆவி எழும்புகிறது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் புத்தகமே வரவில்லையாம், கம்பெனியை மூடிவிட்டார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் என்ன போட்டிருந்தது என்று தெரியவில்லை. கரையான் தின்றுவிட்டது. ‘தொடரும்’ என்றுதான் இருந்தது என்பது இவர் கட்சி. பின்னால் நாலு கதையைச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டார்களாம், அது நண்டிடம் இருக்கிறது. அதில் ‘முற்றும்’ என்று இருக்கிறதாம்.

இவர் முன்னால் எழுதியதையும் தேடிப் படித்தேன். ‘ஆவி எழும்புகிறது என்றால் கங்கு இன்னும் எரிகிறது என்றுதானே அர்த்தம்’ என்று எழுதியிருக்கிறார். அதையே பார்த்துப் பார்த்து நானும் எழுதினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நண்டின் பதில்: “கங்கில் தண்ணீர் விட்டால் அணையும்போதுதான் அண்ணாச்சி ஆவி வரும். நம்பாவிட்டால் வீட்டில் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.”

பிப்ரவரி 24, திங்கள்

கொல்லையில் வெந்நீர் அடுப்பு பற்ற வைத்தேன். வேலமுள் விறகு. நன்றாகக் கங்கு விழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன்.

குளித்தேன். துணி துவைத்தேன்.

போனில் எழுதினேன்: “வீட்டில் கேட்டேன். அவளுக்குத் தெரியாதாம்.”

பிப்ரவரி 26, புதன்

கோமு கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். நான் ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“யார் கூட மதினி?”

“நண்டு கூட.”

“எந்த நண்டு?”

சொன்னேன். கோமு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க அண்ணன் இருக்காகன்னு நெனச்சிட்டா அந்த ஆளு பேசுது?”

“ஆமா.”

“நீங்களும் பேசுதீக.”

“கட்டத்தை மாத்திருவேன்னு சொன்னாரு. அதான்.”

“அந்தப் பொம்மை செத்தா என்ன, இருந்தா என்ன மதினி?”

கேட்டுவிட்டு அவளாகவே ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பாதியில் சிரித்தாள். “இந்தக் கூறுகெட்ட திருடன பாருங்க, எங்க சித்தப்பா மாதிரியே இருக்கான்.” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு இப்போதெல்லாம் அது அதுவாக வருகிறது, போகிறது.

போகும்போது வாசலில் நின்று தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, “காந்தல், சூடு, உறைப்பு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வாயில எடுக்காம எப்படித்தான் இந்த ஊர்ல முப்பது வருசம் ஓட்டுனீகளோ” என்றாள்.

வானத்தில் அடிக்கிற சூட்டுக்கு உள்ள பெயர்தான் அவர் பெயரில் பாதி. அதனால் நான் சொல்வதில்லை. புருசன் பேரைச் சொல்லக்கூடாது என்று கல்யாணத்தன்று அம்மா சொன்னாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். வங்கியில் கேட்டபோதும் கோமுதான் சொன்னாள், அந்த அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இவருக்கு இதில் ஒரே சிரிப்பு. சித்திரையில் வேண்டுமென்றே வந்து, ‘கனி, வெளிய என்ன அடிக்குது?’ என்று கேட்பார். ‘உங்க தலை’ என்பேன்.

மார்ச் 2, ஞாயிறு

மிளகாய் வற்றல் தீர்ந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

நண்டு எழுதியது முழுதையும் இங்கே பார்த்து எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, நான் தோற்றேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சலூனில் முடி வெட்டப் போனேன். பெஞ்சுக்கு அடியில் பழைய புத்தகம் அடுக்கி வைத்திருந்தார்கள். நம் கடைசி இதழ் அட்டையோடு முழுசாகக் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ‘தொடரும்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. பிற்பாடு சேர்த்துப் போட்டவர்கள் ‘முற்றும்’ என்று மாற்றிவிட்டார்கள். படம் எடுத்து நிஷாவுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் பிரதி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். எட்டு வருடம் சண்டை போட்டிருக்கிறோம், முகத்தைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விலாசம் தாருங்கள்.”

மூன்று தடவை படித்தேன். இவர் ஜெயித்துவிட்டார். இதைக் கேட்டிருந்தால் தெருவுக்கே காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்.

மார்ச் 6, வியாழன்

‘வர வேண்டாம்’ என்று எழுதினேன். அழித்தேன். ‘ஊரில் இல்லை’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அது பொய்யும் இல்லை, அதனால்தான் அழித்தேன்.

கோமு சொன்னாள், “போன்ல எழுதி அந்த மனுசன தனியா அழ விடாதீங்க மதினி. வரச் சொல்லுங்க. வந்து தெரிஞ்சுக்கட்டும்.”

விலாசத்தை எழுதி அனுப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டுப் போனார்.

நான் யாரோ எளவட்டம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் வழுக்கை, வெள்ளை மீசை. அவரே சொன்னார், பெயர் செல்வின், மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் நேந்திரங்காய் வற்றல் பொட்டலம். இன்னொரு கையில் புத்தகம், பிளாஸ்டிக் உறை போட்டு, குழந்தையைத் தூக்குவது போலப் பிடித்திருந்தார்.

“எக்கா, நான்தான் நண்டு. அண்ணாச்சி எங்க, கடைக்குப் போயிருக்காரா?”

“உக்காருங்க.”

“ரயில் லேட்டு எக்கா. இல்லேன்னா அப்பவே வந்திருப்பேன். ஸ்டேஷனுக்கு வருவாருன்னு பார்த்தேன். தோத்தவன கூட்டிட்டுப் போக வரமாட்டாரோன்னு நெனச்சேன்.”

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சுவரில் படம். மாலை, கீழே விளக்கு. அவர் அதைப் பார்த்தார், ஆனால் அது யார் என்று அவருக்குத் தெரியாதே. மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“பெரியவரா?” என்று கேட்டார்.

கோமு அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுகதான்” என்றேன். “நீங்க பார்க்க வந்த ஆளு.”

செல்வின் மறுபடி படத்தைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய் நின்றார்.

“எப்போ?”

“பொங்கல் கழிஞ்சு.”

“அப்போ இத்தன நாளா என்கிட்ட பேசினது?”

“நான்தான்.”

“ஆவியப் பத்தி எழுதினது?”

“அவுக எழுதினத பார்த்து எழுதினேன்.”

“வீட்ல கேட்டேன், அவளுக்குத் தெரியாதுன்னு...”

“அதுவும் நான்தான். என்கிட்டதான கேட்கச் சொன்னீக.”

அவர் சிரிக்கப் போனார் என்றுதான் நினைக்கிறேன். முகம் அப்படித்தான் போனது. பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய சத்தம் இல்லை. கோமு காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறினதும் இன்னொன்று போட்டுக் கொண்டுவந்தாள்.

“உயிரு இருக்கா போச்சான்னு நான் பாட்டுக்கு எழுதிட்டு இருந்திருக்கேனே எக்கா. சங்கு ஊதலையான்னு வேற.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க திட்டியிருக்கலாம்.”

“திட்டினா யாருன்னு தெரிஞ்சிரும்ல.”

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மூன்று பேரும் சாப்பிட்டோம். இவரைப் பற்றி எனக்குத் தெரியாதது எல்லாம் செல்வின் சொன்னார். களஞ்சியத்தில் யாராவது புதிதாக வந்து தப்பாக எழுதிவிட்டால் மற்றவர்கள் அழித்துவிடுவார்களாம். இவர் மட்டும் அழிக்காமல் திருத்திவிட்டு, ‘நல்லா இருக்கு, இன்னும் எழுதுங்க’ என்று போடுவாராம். என்னிடம் ஒரு நாளும் குழம்பு நல்லா இருக்கு என்று சொன்னதில்லை என்றேன். “அதான் எங்ககிட்ட சொல்லித் தீர்த்தாச்சே எக்கா, ‘என் வீட்டுக்காரி வைக்கிற புளிக்குழம்பு’ன்னு” என்றார்.

போகும்போது புத்தகத்தைப் படத்துக்குக் கீழே வைத்தார்.

“களஞ்சியத்துல சொல்லணும் எக்கா. ஒரு ஆளு கணக்குல இன்னொரு ஆளு எழுதக்கூடாதுன்னு விதி. நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்லுதேன்.”

மார்ச் 11, செவ்வாய்

எழுதினேன். அவர் போய்விட்டார் என்றும், அதற்குப் பிறகு எழுதியது அவர் மனைவி என்றும், தப்பாக இருந்தால் மன்னிக்கவும் என்றும். இந்த மூன்று வரிக்கு முழு மத்தியானமும் போய்விட்டது.

மார்ச் 13, வியாழன்

நிஷா பதில் எழுதியிருக்கிறது. அம்மா என்று ஆரம்பித்திருந்தது.

நான் எழுதிய வரிகளை எல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தாகிவிட்டது. விதி அப்படி. அழிக்கவில்லை, கோடுதான். கோட்டுக்கு அடியில் படிக்க முடிகிறது. கணக்கை இனி யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிடுவார்களாம். அவர் எழுதியது எல்லாம் அப்படியே இருக்கும், ஒரு எழுத்தும் போகாது என்று இரண்டு தடவை எழுதியிருந்தது.

பூட்டு என்றதும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு சரி என்று பட்டது.

கங்கு மனிதனுக்கு என்னுடைய சொல் தேவைப்படவில்லை. செல்வின் கொண்டுவந்த புத்தகம் போதும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். ஆனால் ‘உயிருடன்’ என்றும் போட முடியாதாம். புத்தகத்தில் அப்படியும் இல்லையே. இப்போது கட்டத்தில் இருப்பது: ‘நிலை: தெரியவில்லை. கடைசி இதழ் தொடரும் என முடிகிறது.’

இவர் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாரா? முனகுவார். பிறகு ஒத்துக்கொள்வார்.

மார்ச் 16, ஞாயிறு

செல்வின் புதுக் கணக்கு தொடங்கச் சொல்லிப் போனில் வழி சொன்னார். புனைபெயர் என்ன வைப்பது என்று கேட்டார். வெந்நீர் அடுப்பு என்றேன். சிரித்தார்.

அதில் முதல் தடவையாக என் கையால் எழுதினேன். “கங்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அணையும்போதுதான் ஆவி வருகிறது. இதில் நண்டு சொன்னது சரி. எனக்கு அன்றே தெரியும்.”

கட்டம் மாறாது. புத்தகத்தில் உள்ளது அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

மார்ச் 20, வியாழன்

களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருந்து போனவர்களுக்கு என்று தனிப் பக்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் புனைபெயருக்குப் பக்கத்தில் சொந்தப் பெயரையும் போடுவது வழக்கமாம், வீட்டார் சம்மதித்தால். சம்மதம் என்றேன். செல்வின் போனில் கேட்டார்.

“எட்டு வருசமா சங்குன்னே கூப்பிட்டாச்சு. அண்ணாச்சி பேரு என்ன எக்கா? சொல்லுங்க, நான் போட்டுடுகேன்.”

வாயைத் திறந்தேன். வரவில்லை.

கோமு பக்கத்தில் இருந்தாள். “போன இங்க தாங்க மதினி, நான் சொல்லுதேன்” என்று கையை நீட்டினாள். எல்லா இடத்திலும் அவள்தானே சொன்னாள்.

“வேண்டாம்” என்றேன். செல்வினிடம், “நானே அதுல போட்டுக்கிடுதேன்” என்று வைத்துவிட்டேன்.

திண்டாட்டம் எழுத்தில் இல்லை. எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளிய என்ன அடிக்குது என்று கேட்கிற அதே முகம்.

ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். போட்டதைக் கோமுவுக்கும் காட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள்.

மில்சங்கு. இயற்பெயர் வெயிலுமுத்து. கோவில்பட்டி. மறைந்தவர்.

கடைசி வார்த்தையையும் நான்தான் போட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நல்ல வெயில். மாடியில் மிளகாய் காயப் போட்டேன்.